குமரி மாவட்ட மலைகளில் இருவராக இரண்டு நாள்: எந்த வழியில், எந்த வேளையில்

மதுரையிலிருந்து சொந்தக் காரில் புறப்பட்டு, ஆவணி மாதக் கடைசியில் ஒரு சனி, ஞாயிறைக் கன்னியாகுமரி மாவட்டத்து மலைப்பகுதியில் கழிக்க விரும்புவதாகவும், இதற்கு முன்பு வந்தபோதெல்லாம் கடலையும் விவேகானந்தர் பாறையையும் மட்டுமே பார்த்துத் திரும்பியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் உங்கள் கணவரும் மாறி மாறி ஓட்டப் போகிறீர்கள். மலைச்சாலை இருவருக்குமே புதிது. கொடைக்கானலைப் போன்ற ஒரு மலை வாசஸ்தலம் இங்கு உண்டா, பேச்சிப்பாறையிலிருந்து கோதையாறு வழியாக மாஞ்சோலைக்கு ஏறிவிட முடியுமா, இரண்டு நாளில் எத்தனை இடங்களைப் பார்க்கலாம் என்பவை உங்கள் கேள்விகள். இந்த மாவட்டத்துக்காரன் என்ற முறையில், சுற்றுலாத் துண்டறிக்கைகளில் வராத செய்திகளையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் இல்லை என்பதே விடை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடம் எங்கள் மாவட்டம். நெல்வயலின் வரப்பில் நின்று பார்த்தால் தென்னந்தோப்புக்குப் பின்னாலேயே மலை செங்குத்தாக எழுந்து நிற்கும்; இடையில் மேடேறிப் பழகுவதற்கான சரிவுகள் மிகக் குறைவு. உச்சிகளில் பெரும்பாலானவை கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்கு உள்ளே இருக்கின்றன. மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தாலும் பொதுமக்கள் வண்டியில் போய் நிற்கும்படியான சாலை அதன் மீது கிடையாது. மாறாமலையிலும் பாலமோரிலும் கிராம்பும் தேயிலையும் விளையும் எஸ்டேட்டுகள் உண்டு. குமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதற்கு அந்த மலைச்சரிவுகளே காரணம். ஆனால் அங்கே செல்ல எஸ்டேட்காரர்களின் சம்மதமும் வனத்துறையின் அனுமதியும் வேண்டும். ஆகவே ஏரிக்கரையில் நடந்து, குளிருக்குச் சால்வை போர்த்தி, இரவில் கடைத்தெருவைச் சுற்றும் விடுமுறையை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

மாஞ்சோலை விஷயத்தில் பலரும் வரைபடத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். கீழ்க்கோதையாறும் மேல்கோதையாறும் தாளில் அருகருகே இருப்பது உண்மைதான். இரண்டுக்கும் இடையே இருப்பது மலையின் செங்குத்தான முகம். அதில் மேலும் கீழும் போய்வர மின்வாரியம் தன் ஊழியர்களுக்காக இழுவை ரயிலைப் போன்ற விஞ்ச் ஒன்றை அமைத்திருக்கிறது; அது சுற்றுலாவுக்கு உரியதல்ல. மேல்கோதையாறு, குதிரைவெட்டி, ஊத்து, நாலுமுக்கு, மாஞ்சோலை ஆகியவை எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் பக்கம் உள்ளவை. அங்கே போவதற்கு வழி திருநெல்வேலி மாவட்டத்தில், அம்பாசமுத்திரம் தாண்டி மணிமுத்தாறு சோதனைச்சாவடி வழியாக, வனத்துறை அனுமதியோடுதான். அது தனிப் பயணம், இதோடு சேர்க்காதீர்கள்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில் எண்ணிக்கையில் இல்லை. இந்த மலைகளில் பழைய பாதைகள் உச்சியைத் தேடிப் போடப்பட்டவை அல்ல. அணை கட்டவும், மின்நிலையத்துக்கு இயந்திரம் கொண்டுபோகவும், ரப்பர் பாலைக் கீழே இறக்கவும் போடப்பட்டவை. அதனால் இங்கே மலையைப் பார்ப்பதற்குச் சிறந்த முறை, ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு அது வரும் பக்கமாகக் காட்டுக்குள் போய், பிறகு அதன் தண்ணீர் போகும் பக்கமாகவே இறங்கி வருவதுதான். ஒரு நாளைக்கு ஒரு பள்ளத்தாக்கு போதும். சனிக்கிழமையைக் கோதையாற்றுக்குக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையைப் பறளியாறு, பழையாற்றுப் பக்கத்துக்குக் கொடுங்கள். இதைவிட அதிகமாகச் சேர்த்தால், இருவரும் பார்த்தது முழுக்கச் சாலையின் நடுக்கோடாகவே இருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலையே நாகர்கோவிலுக்கு வந்து தங்கிவிடுவது நல்லது. நான்குவழிச் சாலை காவல்கிணற்றில் பிரிகிறது. இடதுபுறம் கன்னியாகுமரிக்கு, வலதுபுறம் ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலுக்கு. வலதுபுறம் திரும்பிய சில நிமிடங்களில் முப்பந்தல் காற்றாலைகள் தொடங்கிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று குறுகி வேகம் பிடித்து வருவதால்தான் அத்தனை காற்றாலைகளும் அங்கே நிற்கின்றன. ஆவணியிலும் அந்தக் காற்று ஓய்ந்திருக்காது. லாரியைக் கடந்து முன்னேறும் கணத்தில் அதன் மறைப்பு விலகி, காற்று பக்கவாட்டில் காரைத் தள்ளும். ஸ்டீரிங்கை இரு கைகளாலும் பிடித்திருங்கள். ஓணம் நெருங்கும் நாட்களாக இருந்தால் தோவாளைப் பூச்சந்தையைச் சுற்றி நெரிசல் இருக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பி, தக்கலை வழியாகக் குலசேகரத்துக்குப் போய்விட வேண்டும். இந்தச் சாலையில் கல்லும் எம்சாண்டும் (கல்லை உடைத்துத் தயாரிக்கும் மணல்) ஏற்றிக்கொண்டு போகும் டாரஸ் என்ற கனரக லாரிகள் மிகுதி. மலையை உடைத்து வெளியே அனுப்பும் அந்த வியாபாரத்தைப் பற்றி மாவட்ட மக்களுக்குக் கடுமையான மனவருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. ஓட்டுநர் என்ற முறையில் உங்களுக்குத் தேவையானது, அவற்றை வளைவுகளில் முந்தாமல் இருப்பது. குலசேகரத்தில் புட்டு, பயறு, பப்படம் சாப்பிட்டுவிட்டு, பெட்ரோல் நிரப்பி, கொஞ்சம் ரொக்கப் பணமும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போகப்போகச் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. அனுமதிக் கட்டணம் கேட்கும் இடங்களில் கைப்பேசியில் பணம் செலுத்த முடியாமல் போகலாம்.

குலசேகரத்தைத் தாண்டியதும் ரப்பர் தோட்டங்கள் தொடங்கும். காரை ஓரமாக நிறுத்த இடமிருக்கிற ஓரிடத்தில் இறங்கி, ஒரு மரத்தையாவது அருகில் நின்று பாருங்கள். பட்டையில் சரிவாகச் சீவிய கோடு ஒன்று இருக்கும். அதன் கீழ்முனையில் சிறிய தகர மூக்கு. மூக்குக்குக் கீழே கம்பி வளையத்தில் உட்கார்ந்த சிரட்டை, அதாவது கொட்டாங்குச்சி. பால்வெட்டுத் தொழிலாளி விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வந்து, முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நூல்போல உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, பழைய கோட்டுக்கு அடியில் மிக மெல்லிய ஒரு சீவலை எடுப்பார். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை மறுபடி சீராக வளராது; மேலோட்டமாகப் போனால் பால் வராது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தான் இந்த வேலை இருட்டிலேயே தொடங்குகிறது. நீங்கள் போகும் வேளையில் சிரட்டைகளில் வெள்ளைப்பால் சொட்டிக்கொண்டிருக்கும், அல்லது வாளிகளில் அதைச் சேகரித்துக்கொண்டிருப்பார்கள். மழைக்காலமாதலால் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி மழைநீர் இறங்காமல் தடுத்திருப்பதையும் காணலாம். சேகரித்த பாலை அமிலம் கலந்து உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, கொடியில் உலர்த்துவார்கள். அந்தப் புளித்த வாடை காற்றில் வந்தால் பக்கத்தில் எங்கோ ஷீட் அடிக்கிறார்கள் என்று பொருள். சிரட்டையைத் தொடுவதும், படத்துக்காகப் பட்டையைக் கீறுவதும் கூடாது. அது ஒருவரின் அன்றைய கூலி.

பேச்சிப்பாறை அணைக்கு அடுத்து வருவீர்கள். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், மிஞ்சின் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் மேற்பார்வையில் 1906ல் கட்டி முடிக்கப்பட்ட அணை இது. அந்தப் பொறியாளரின் கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. அணையின் நீர்மட்டத்தை 48 அடி முழு அளவாகக் கொண்டு சொல்வார்கள். காலைச் செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளின் நீர்மட்டமும், பாலமோர், கோதையாறு போன்ற இடங்களில் பெய்த மழையளவும் நாள்தோறும் வரும். எங்கள் ஊர் விவசாயிகள் முதலில் படிப்பது அந்தப் பகுதியைத்தான். பயணத்தன்று நீங்களும் அதைப் படிக்க வேண்டும். பேச்சிப்பாறையில் நீர்மட்டம் உயர்ந்து உபரிநீரைத் திறந்துவிட்டால் கோதையாற்றில் வெள்ளம் பெருகும். திற்பரப்பில் குளிக்கத் தடை விதிப்பார்கள். அணைக்கு மேலே மழை கனத்தால் மோதிரமலை, குற்றியாறு பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கும். வானம் வெளுத்திருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். மழை பெய்வது நீங்கள் நிற்கும் இடத்தில் இல்லை, மேலே மலையில்.

அணையிலிருந்து கோதையாறு போகும் சாலைதான் உங்கள் பயணத்தின் மிக நல்ல பகுதி என்பது என் கருத்து. ஒரு பக்கம் நீர்த்தேக்கத்தின் கைகள் மரங்களுக்கிடையே நுழைந்து தெரியும். மறுபக்கம் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் காப்புக்காடும் மாறி மாறி வரும். சாலை குறுகலானது, பல இடங்களில் இரண்டு வண்டிகள் விலகுவதற்கு ஒன்று மண்ணில் இறங்க வேண்டும். சோதனைச்சாவடியில் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அன்றைக்கு மேலே விடவில்லை என்று சொன்னால் வாதிடாமல் திரும்பிவிடுங்கள். கோதையாற்றில் இரண்டு மின்நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று 60 மெகாவாட், மற்றது 40 மெகாவாட். மேல்மலையில் தேக்கிய தண்ணீர் குழாய்களில் இறங்கி முதல் நிலையத்தைச் சுழற்றி, அடுத்த நிலையத்தையும் சுழற்றிவிட்டு, அதன்பிறகே பேச்சிப்பாறைக்கு வந்து சேர்கிறது. மின்நிலைய வளாகங்களுக்குள் நுழைய அனுமதி இல்லை, வாசலில் நின்று படம் எடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

இந்தப் பகுதியில் பழங்குடியினரான காணி மக்களின் குடியிருப்புகள் பல உண்டு. சில குடியிருப்புகளுக்கு அணையின் நீர்ப்பரப்பைப் படகில் கடந்துதான் போகவேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் அவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. வழியில் காய்கிழங்கோ மிளகோ தேனோ வைத்து விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். வீட்டு முற்றத்துக்குள் கேமராவோடு போகாதீர்கள், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் வார இறுதிகளில் அங்கே நடப்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

யானையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோதையாறு, குற்றியாறு, மோதிரமலைச் சாலைகளில் யானை வருவது அபூர்வமான செய்தி அல்ல. தேனி மாவட்டத்தில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 சூன் மாதத்தில் கொண்டுவந்து விட்டதும் இந்த மலைகளின் மேற்பகுதியில்தான். சாலையில் யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள், இன்ஜினை அணைக்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், விளக்கை ஏற்றி இறக்காதீர்கள். அது விலகினால் போகலாம். உங்களை நோக்கி நடந்தால், பின்னால் பார்த்து நிதானமாக வண்டியைப் பின்னுக்கு எடுங்கள். காருக்குள் பலாப்பழமோ அன்னாசியோ வெட்டி வைத்திருக்கவும் வேண்டாம். இவற்றுக்கெல்லாம் மேலான பாதுகாப்பு நேரம்தான். கோதையாற்றை முற்பகலில் பார்த்துவிட்டு, நண்பகலுக்குள் பேச்சிப்பாறைக்குக் கீழே இறங்கிவிட்டால் இந்த அறிவுரைகளில் பாதிக்குத் தேவையே வராது. எந்த இடத்திலிருந்தானாலும், மாலை ஐந்து மணிக்கு மேல் காட்டுச் சாலையில் இருக்கக் கூடாது.

பிற்பகலில் திற்பரப்பு. கோதையாறு பாறைத் தளத்தில் விரிந்து ஓடிவந்து விழும் இடம் இது. உயரம் பெரிதில்லை, அகலம்தான் அழகு. சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு கூட்டம் கூடும், ஞாயிற்றுக்கிழமை இன்னும் கூடும். குளிக்க விருப்பமிருந்தால் தடுப்புக் கம்பிகளுக்குள்ளேயே நின்று குளியுங்கள். கரையிலேயே மகாதேவர் கோவில் இருக்கிறது. மாசி மாதச் சிவராத்திரியை ஒட்டிப் பக்தர்கள் கோபாலா கோவிந்தா என்று குரல் எழுப்பியபடி பன்னிரண்டு சிவாலயங்களை ஓடிச்சென்று வணங்கும் சிவாலய ஓட்டத்தில் இதுவும் ஒன்று. அருவி திகட்டும்படி கூட்டம் இருந்தால், அங்கிருந்து சற்றுத் தள்ளியுள்ள திருநந்திக்கரைக்குப் போய்விடுங்கள். பாறையைக் குடைந்து எடுத்த குகைக்கோவில், வட்டெழுத்துக் கல்வெட்டுகள், சுவரில் எஞ்சியிருக்கும் ஓவியத்தின் கோடுகள். அங்கே பெரும்பாலும் அமைதி இருக்கும்.

மாலை வெயில் தணிந்த வேளையில் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நில்லுங்கள். பறளியாற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்குக் கால்வாயையே தூக்கிக்கொண்டு போகிறது இந்தப் பாலம். 28 தூண்கள், ஆற்றுப்படுகையிலிருந்து அதிகபட்ச உயரம் 115 அடி. காமராசர் காலத்தில் திட்டமிடப்பட்டு 1966ல் கட்டிமுடிக்கப்பட்டது. நடைபாதையை ஒட்டியே திறந்த தொட்டியில் பட்டணங்கால் சானலின் தண்ணீர் ஓடும். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால், பறளியாறு தென்னைமரங்களின் உச்சிகளுக்கும் அடியில் ஓடுகிறது. பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், இன்னொரு தண்ணீர் ஆற்றுக்குக் குறுக்காகத் தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. காலையில் மேலே பார்த்த தண்ணீர் எதற்காகத் தேக்கப்படுகிறது என்பதை இந்த இடம் ஒரு பார்வையில் சொல்லிவிடும். கீழே இறங்கவும் படிகள் உண்டு, தூண்களின் பருமன் அங்கிருந்துதான் தெரியும். உயரம் கண்டு தலைசுற்றும் என்றால் உங்களில் ஒருவர் கீழேயே இருந்துவிடலாம். கட்டாயப்படுத்தி அழைத்துப்போக வேண்டிய இடமல்ல.

பக்தி உள்ளவர்களாக இருந்தால் அருகிலேயே திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் இருக்கிறது. நம்மாழ்வார் பாடிய தலம். நீண்ட இடைவெளிக்குப் பின் 2022 சூலையில் குடமுழுக்கு நடந்தது. கேரள முறைப்படி ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதால் வேட்டியும் துண்டும் காரில் இருக்கட்டும். கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் கலந்து, குழித்துறைத் தாமிரபரணியாகி, தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேர்கின்றன. இரவுத் தங்கலுக்குக் குலசேகரம், திற்பரப்பு, மார்த்தாண்டம் மூன்றிலும் விடுதிகள் கிடைக்கும். மறுநாள் பாதைக்குக் குலசேகரமே வசதி.

சிதறால் மலையை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். அது நல்ல இடம் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கல் பாவிய பாதையில் ஏறிப்போனால், பாறை நெற்றியில் தலைக்கு மேல் மூன்றடுக்குக் குடையோடு வரிசையாக அமர்ந்த சமணத் தீர்த்தங்கரர்களும், சிங்கத்தோடு நிற்கும் அம்பிகையும் செதுக்கப்பட்டிருப்பார்கள். சமணப் பள்ளியாக இருந்த குகை பிற்காலத்தில் பகவதி கோவிலானது. ஆனால் அது மார்த்தாண்டத்தின் பக்கம். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அதற்குப் போனால் அன்றைய காட்டுப்பாதையைக் கைவிட வேண்டியிருக்கும். கல்வெட்டிலும் சிற்பத்திலும் ஈடுபாடு உள்ளவர்கள் என்றால் சிதறாலைத் தேர்ந்தெடுங்கள். காடுதான் வேண்டும் என்றால் கீழே சொல்லும் வழியில் போங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை குலசேகரத்திலிருந்து பொன்மனை, பெருஞ்சாணி, சுருளகோடு வழியாகத் தடிக்காரன்கோணம் பக்கம் வாருங்கள். பெருஞ்சாணி பறளியாற்றின் மீது கட்டப்பட்டது. அதன் முழு நீர்மட்ட அளவு 77 அடி. அதற்குக் கீழே இருக்கும் புத்தன் அணையிலிருந்துதான் பாண்டியன் கால், பத்மநாபபுரம் புத்தனாறு போன்ற கால்வாய்கள் வழியே தண்ணீர் பிரிந்து, நாஞ்சில் நாட்டு வயல்கள் வரைக்கும், அதற்கும் அப்பால் ராதாபுரம் பக்கத்துக்கும் போகிறது. இந்தச் சாலையில் பெரிய வண்டிகள் குறைவு. உங்களில் மலைச்சாலையில் கொஞ்சம் தயக்கம் உள்ளவர் ஸ்டீரிங்கைப் பிடித்துப் பழக இதுவே ஏற்ற பகுதி.

தடிக்காரன்கோணத்திலிருந்து கீரிப்பாறை வழியாகக் காளிகேசம். வனத்துறையின் சோதனைச்சாவடியில் கட்டணம் செலுத்தி உள்ளே போக வேண்டும். மழை அதிகமானால் வாசலை மூடிவிடுவார்கள். பாறைகளுக்கிடையே தெளிந்து ஓடும் ஆறும், காளியம்மன் கோவிலும், இருபுறமும் அடர்ந்த காடும் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை, அதுவே அங்கே போவதற்கான காரணம். தண்ணீரின் தெளிவைக் கண்டு ஆழத்தைக் குறைவாக மதிக்க வேண்டாம். பாறைகளில் பாசி வழுக்கும், மேலே பெய்த மழையில் தண்ணீர் திடீரென்று ஏறும். நிறம் கலங்கத் தொடங்கினாலோ இலைதழைகள் மிதந்து வந்தாலோ உடனே கரையேறிவிடுங்கள். மழை ஈரத்தில் அட்டைகள் காலில் ஏறும். பிடுங்கி இழுக்காமல் உப்போ சுண்ணாம்போ தடவினால் விழுந்துவிடும். உலக்கை அருவியும் இந்தப் பக்கம், அழகியபாண்டியபுரத்துக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் காட்டுக்குள் நடந்து ஏற வேண்டும், அனுமதியும் அன்றன்றைய நிலையைப் பொறுத்தது. மதுரைக்குத் திரும்ப வேண்டிய நாளில் அதைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓட்டுவதைப் பற்றிச் சில. இந்த மாவட்டத்துச் சாலைகளில் கொண்டை ஊசி வளைவுகளைவிடத் தொடர்ந்து வரும் சிறிய குருட்டு வளைவுகளே அதிகம். மரநிழல் அடர்ந்திருப்பதால் மழை நின்று நெடுநேரம் ஆன பின்பும் சாலை ஈரமாகவே இருக்கும், ஈரத்தின் மேல் உதிர்ந்த இலைகள் கிடக்கும். அந்த இடங்களில் திடீர் பிரேக் காரைச் சறுக்க வைக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹாரன் கொடுத்து, வளைவுக்குள் பிரேக்கை மிதிக்காமல் திருப்புங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். நியூட்ரலில் இறக்குவது எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். அரசுப் பேருந்து எதிரே வந்தால், ஓட்டுநர் கையசைத்துக் காட்டுகிற இடத்தில் ஒதுங்கி நின்றுவிடுங்கள். எந்த வளைவில் எவ்வளவு இடமிருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

ஓட்டாமல் பக்கத்தில் இருப்பவருக்கும் வேலை உண்டு. வழி சொல்வது அவர் பொறுப்பாகவே இருக்கட்டும். ஓட்டுகிறவர் கைப்பேசியைப் பார்க்கவே கூடாது. தேவைப்படும் பகுதியின் வரைபடத்தை நாகர்கோவிலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது காட்டும் குறுக்கு வழிகளை நம்பி எஸ்டேட் பாதைகளில் நுழையாதீர்கள். பல இடங்களில் அவை பூட்டிய கேட்டில் போய் முடியும், திருப்ப இடமிருக்காது. வழிகேட்பதற்குத் தேநீர்க் கடையே சிறந்த இடம். இருவரில் ஒருவருக்கு வளைவுகளில் தலைசுற்றும் பழக்கம் இருந்தால், அவரே அந்தப் பகுதியை ஓட்டட்டும். ஓட்டுகிறவருக்குத் தலைசுற்றுவது குறைவு. முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: இருவரில் எவருக்குப் பயமாக இருந்தாலும், காரணம் கேட்காமல் அந்த இடத்திலிருந்து திரும்பிவிடுவது என்று. மலைச்சாலையில் தைரியசாலியின் கணிப்பைவிடப் பயப்படுகிறவரின் கண் பல நேரம் சரியாகப் பார்க்கிறது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, குலசேகரம், தக்கலை பக்கம் மரச்சீனிக் கிழங்கும் (உங்கள் பக்கத்து மரவள்ளி) மீன்குழம்பும் கிடைக்கும் கடைகளைத் தேடுங்கள். சாலையோரத்தில் மட்டிப்பழக் குலை தொங்கினால் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். குமரி மட்டிக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது, அதன் மணத்துக்கு வேறு வாழைப்பழம் ஈடாகாது. அதைக் காட்டுக்குள் போகும் வழியில் வாங்காமல் திரும்பும் வழியில் வாங்குங்கள். தோலையும் தாளையும் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கே கொண்டுவந்துவிடுங்கள். பிளாஸ்டிக் பொருள்களைச் சோதனைச்சாவடியிலேயே எடுத்துவைக்கச் சொல்வார்கள், அதனால் தண்ணீருக்கு எவர்சில்வர் குப்பி நல்லது.

காளிகேசத்திலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்குள் கிளம்பினால், அழகியபாண்டியபுரம், பூதப்பாண்டி வழியாக வயல்களுக்கு நடுவே வந்து, நாகர்கோவில் நகருக்குள் நுழையாமலேயே செண்பகராமன்புதூர் பக்கமாகத் தோவாளையில் நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். பூதப்பாண்டி பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊர். பூதலிங்கசுவாமி கோவிலையும் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். இரவு உணவுக்கு மதுரை போய்ச் சேருவீர்கள்.

மழை கொட்டி, இரண்டு பள்ளத்தாக்குகளிலும் வாசல் மூடப்பட்டுவிட்டால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இடம், இன்று கேரள அரசின் தொல்லியல் துறை பராமரிக்கிறது. மழை ஓட்டில் விழும் ஓசையோடு அந்த மர மண்டபங்களில் நடப்பதற்கு அரை நாள் தாராளமாகச் செலவாகும். வேளிமலை அடிவாரத்தில் குமாரகோவிலும் அருகிலேயே உண்டு. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால், ஒரு நாள் கூடுதலாக இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் சனி, ஞாயிறுக்குள்ளேயே அதை முடித்துவிடுங்கள்.